ஆங்குலர் ரூட்டரின் பக்கத் தலைப்பு வசதி: நீண்ட நாள் பயன்படுத்தியபின் ஒரு மதிப்பீடு

வலைச் செயலிகளை உருவாக்க உதவும் ஆங்குலர் சட்டகத்தின் 14ஆம் பதிப்பு 2022 ஜூனில் வெளிவந்தபோது, வகை வரையறுத்த படிவங்களும் தனித்தியங்கும் கம்போனென்ட்களுமே (திரையின் பகுதிகளை உருவாக்கும் நிரல் துண்டுகள்) பெரிதாகப் பேசப்பட்டன. அதே வெளியீட்டில், முகவரிக்கேற்பப் பக்கத்தைக் காட்டும் ரூட்டருக்குள் ஒரு சிறு வசதியும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வழித்தடத்தின் (ஒரு முகவரியை அதற்குரிய பக்கத்தோடு இணைக்கும் அமைப்பு) வரையறையிலும் ‘டைட்டில்’ என்ற பண்பை எழுதிவிட்டால், பயனர் அந்த வழித்தடத்துக்கு வரும்போது உலாவித் தாவலில் தெரியும் தலைப்பை ரூட்டரே மாற்றிவிடும். ஒரு நூலகத்தின் நூற்பட்டியலைக் காட்டும் செயலியில், ஏறக்குறைய நாற்பது வழித்தடங்களுக்கு இந்த வசதியைப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். அது எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதை அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

இப்படி ஒரு வசதி தனியாக எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஆங்குலர் செயலிக்கு அடிப்படையாக இருப்பது ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. நாம் எழுதும் கம்போனென்ட்கள் அனைத்தும் அந்தக் கோப்பின் உடற்பகுதிக்குள் வாழ்கின்றன. தலைப்புக் குறியோ தலைப்பகுதியில் இருக்கிறது. எனவே வார்ப்புருவில் மற்ற இடங்களில் இரட்டை அடைப்புக்குறிக்குள் மாறியை எழுதி மதிப்பைக் காட்டுவது போலத் தலைப்பில் காட்ட முடியாது. அதற்காகத் தொடக்கம் முதலே ‘டைட்டில்’ என்ற பெயரில் ஒரு சர்வீஸ், அதாவது செயலியின் எந்தப் பகுதியும் பயன்படுத்தக்கூடிய பொதுப் பொருள், உண்டு. தலைப்பைப் படிக்க ஒன்று, எழுத ஒன்று என இரண்டே செயற்கூறுகள் கொண்டது. அதை யார், எப்போது அழைப்பது என்பதுதான் நிரல் எழுதுபவரின் தலையில் விழுந்த சுமை. 14ஆம் பதிப்புக்கு முன்பு, ரூட்டர் வெளியிடும் நிகழ்வுகளில், பக்கமாற்றம் முடிந்ததைச் சொல்லும் ‘நேவிகேஷன் எண்ட்’ வருகிறதா என்று பார்த்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கிளை வழித்தடமாக இறங்கி, அதன் ‘டேட்டா’ பொருளில் நாமே வைத்த தலைப்பை எடுத்து, அந்தச் சர்வீஸிடம் கொடுக்க வேண்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு வரிகள்தான். ஆனால் ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கப்பட்டு, யாரும் முழுதாகப் படிக்காமல் கிடக்கும் வரிகள் அவை.

அந்த வரிகளைக்கூட எழுதாமல் நான் முதலில் செய்த வேலை இன்னும் மோசமானது. ஒவ்வொரு கம்போனென்ட்டும் தொடங்கும் ‘என்ஜிஆன்இனிட்’ கட்டத்தில் தலைப்பை மாற்றும்படி எழுதியிருந்தேன். பட்டியலிலிருந்து நூல் விவரப் பக்கத்துக்குப் போனால் சரியாகவே வேலை செய்தது. விவரப் பக்கத்தின் அடியில் ‘தொடர்புடைய நூல்கள்’ என்று ஒரு வரிசை இருந்தது. 41ஆம் எண் நூலின் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த வரிசையில் 42ஆம் எண் நூலைச் சொடுக்கினால், முகவரி மாறியது, அட்டைப்படம் மாறியது, விவரம் மாறியது, தாவலில் மட்டும் 41ஆம் நூலின் பெயரே இருந்தது. பாதை வடிவம் ஒன்றாக இருந்து அளபுரு (இங்கே நூலின் எண்) மட்டும் மாறும்போது ரூட்டர் அதே கம்போனென்ட்டை மறுபடியும் பயன்படுத்துகிறது. தொடக்கக் கட்டம் இரண்டாம் முறை ஓடுவதில்லை. பிழை முழுக்க என்னுடையது. தலைப்பு கம்போனென்ட்டுக்கு உரியது என்று நினைத்ததில்தான் கோளாறு தொடங்கியது. அது முகவரிக்கு உரியது. முகவரி மாறினால் தலைப்பும் மாற வேண்டும், அதைச் சுமக்கும் கம்போனென்ட் புதிதாகப் பிறந்ததா பழையதா என்ற கேள்வியே எழக்கூடாது. 14ஆம் பதிப்பின் வசதி தலைப்பை வழித்தடத்தின் வரையறைக்குள் கொண்டுபோய் வைத்திருப்பதால், இந்த அடிப்படை முடிவைச் சரியாக எடுத்திருக்கிறது என்பேன். மற்ற குறைகளைப் பேசும்போதும் இதை மறந்துவிடக் கூடாது.

எளிய பயன்பாட்டில் இதன் நடத்தை இயல்பாகவே இருக்கிறது. ரூட்டர் வேர் வழித்தடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, ஆழத்தில் உள்ள வழித்தடத்தின் தலைப்பை எடுத்துக்கொள்கிறது. அங்கே தலைப்பு இல்லையென்றால் அதற்கு மேலே இருப்பதன் தலைப்பு நிற்கும். ‘உறுப்பினர் கணக்கு’ என்ற தலைப்பை மேல் வழித்தடத்தில் ஒருமுறை எழுதிவிட்டு, அதன் கீழுள்ள நான்கு கிளைகளில் இரண்டுக்கு மட்டும் தனித் தலைப்புக் கொடுத்தேன். மற்ற இரண்டும் கேட்காமலே மேலிருந்து பெற்றுக்கொண்டன. முதன்மை அவுட்லெட் (பக்கம் காட்டப்படும் இடம்) வழியே செல்லும் கிளையை மட்டுமே இது கணக்கில் எடுக்கிறது. பெயரிட்ட பக்க அவுட்லெட்டில் திறக்கும் உதவிப் பலகை போன்றவை தலைப்பைத் தொடுவதில்லை. அதுவும் சரியே.

முதல் பெரிய குறை இனி வருகிறது. வேரிலிருந்து நுனி வரை இறங்கியும் எங்குமே தலைப்பு கிடைக்கவில்லை என்றால், இயல்பாக அமைந்திருக்கும் உத்தி (தலைப்பை எப்படி மாற்றுவது என்று முடிவுசெய்யும் பகுதி) எதையும் செய்யாமல் விட்டுவிடுகிறது. வெற்றுத் தலைப்பும் வராது, எச்டிஎம்எல் கோப்பில் முதலில் எழுதியிருந்த பெயருக்கும் திரும்பாது. கடைசியாக எந்தப் பக்கத்தில் இருந்தோமோ அதன் தலைப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நூலின் பக்கத்திலிருந்து, தலைப்பு எழுத மறந்த ‘எங்களைத் தொடர்புகொள்ள’ பக்கத்துக்குச் சென்றால், தாவலில் அந்த நூலின் பெயரே நிற்கிறது. அதே பக்கத்தை நேரடியாக முகவரி கொடுத்துத் திறந்தாலோ செயலியின் பெயர் தெரிகிறது. உருவாக்குபவர் சோதிக்கும்போது பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே பார்ப்பதால் அவர் கண்ணுக்கு இந்தப் பிழை படாது. பயனருக்கு மட்டும் படும். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. இப்படி ஓசையில்லாமல் தவறுவதைவிட, உருவாக்கச் சூழலிலாவது கன்சோலில் ஒரு வரி எச்சரிக்கை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நல்ல வேளையாக, இந்த நடத்தையை மாற்றுவது எளிது. ‘டைட்டில் ஸ்ட்ராட்டஜி’ என்ற நுண்மக் (அப்ஸ்ட்ராக்ட்) கிளாஸை நீட்டித்து, அதன் ‘அப்டேட் டைட்டில்’ செயற்கூறை நாமே எழுதி, செயலியின் புரொவைடர் பட்டியலில் அதைப் பதிந்துவிடலாம். தலைப்பைத் தேடி இறங்கும் வேலையை ‘பில்ட் டைட்டில்’ என்ற செயற்கூறு ஏற்கெனவே செய்து தருவதால், நாம் எழுத வேண்டியது நான்கைந்து வரிகளே: தலைப்பு கிடைத்தால் அதனுடன் செயலியின் பெயரைச் சேர்த்து எழுது, கிடைக்காவிட்டால் செயலியின் பெயரை மட்டும் எழுது. இதைச் செய்த அன்றே ஒட்டிக்கொண்ட தலைப்புகள் மறைந்தன. இந்த வசதியைப் புதிதாகப் பயன்படுத்துபவர் முதல் நாளே சொந்த உத்தியை எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. இயல்பு உத்தியை நம்பி ஒரு பெரிய செயலியைக் கட்ட வேண்டாம்.

இங்கே ஒரு சின்னச் சண்டை. ஆங்குலரின் ஆவணத்தில் காட்டப்படும் எடுத்துக்காட்டில் செயலியின் பெயர் முதலிலும், ஒரு பிரிப்புக் குறிக்குப் பின் பக்கத்தின் பெயரும் வருகின்றன. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைப் பதினைந்து தாவல்கள் திறந்திருக்கும் உலாவியில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் ஏழெட்டு எழுத்துகளுக்கே இடம் இருக்கும். அந்த இடம் முழுவதையும் செயலியின் பெயரே விழுங்கிவிட, எல்லாத் தாவல்களும் ஒன்றுபோலவே நிற்கும். பின்செல்லும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரும் வரலாற்றுப் பட்டியலிலும் இதே கதைதான். பக்கத்தின் பெயர் முன்னும் செயலியின் பெயர் பின்னும் இருப்பதே பயனருக்கு உதவும். எடுத்துக்காட்டுகளை அப்படியே நகலெடுப்பவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர் என்பதால், ஆவணத்தில் இந்த வரிசை மாறியிருந்தால் நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் நிலையான சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, பற்றியது. தலைப்பு உண்மையிலேயே மாறும் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும் என்றால், அதாவது நூலின் பெயர் தரவுத்தளத்திலிருந்து வந்தாக வேண்டும் என்றால், அதே ‘டைட்டில்’ பண்பில் சரத்துக்குப் பதிலாக, பக்கம் திறக்கும் முன் தேவையான தரவைக் கொண்டுவரும் ஒரு ரிசால்வரைக் கொடுக்கலாம். அது சரத்தையோ, பின்னர் ஒரு மதிப்பைத் தரும் பிராமிஸையோ, அடுத்தடுத்து மதிப்புகளை வெளியிடக்கூடிய அப்சர்வபிளையோ திருப்பித் தரலாம். எழுதுவதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. வசதியின் கடினமான பகுதியும் இதுவே.

ரிசால்வர் என்றாலே, அது முடியும் வரை பக்கமாற்றம் காத்திருக்கும். நூல் விவரப் பக்கம் திறக்கத் தேவையான எல்லாம் தயாராக இருந்தும், தலைப்புக்கான ஒரு சரம் சர்வரிலிருந்து வரவில்லை என்பதற்காகப் பயனர் பழைய பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். சொடுக்கியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று மறுபடியும் சொடுக்குவார். இதைவிட மோசமானது, அந்த ரிசால்வர் பிழையில் முடிந்தால் பக்கமாற்றமே தோல்வியடைகிறது. மதிப்பு எதையும் தராமல் அப்சர்வபிள் முடிந்துவிட்டால் பக்கமாற்றம் ரத்தாகிறது. தலைப்பு கிடைக்காததால் பக்கமே திறக்காமல் போவது, குடைக்காம்பு உடைந்ததற்காக வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பதைப் போன்றது. எனவே தலைப்பு ரிசால்வர் ஒவ்வொன்றிலும் பிழையைப் பிடித்து, ‘நூல் விவரம்’ என்பது போன்ற ஒரு பொதுச் சரத்தைத் திருப்பித் தருமாறு எழுதுவது கட்டாயம். இதை நான் ஒரு துணைச் செயற்கூறாக எழுதி, எல்லாத் தலைப்பு ரிசால்வர்களையும் அதற்குள் சுற்றி வைத்துவிட்டேன்.

அடுத்த சிக்கல் நுட்பமானது. நூலின் தரவைக் கொண்டுவர அதே வழித்தடத்தில் ஏற்கெனவே ஒரு ரிசால்வர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கொண்டுவந்த நூலின் பெயரை எடுத்துத் தலைப்பாகக் கொடுத்தால் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரே வழித்தடத்தின் ரிசால்வர்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. தலைப்பு ரிசால்வரும் அவற்றுள் ஒன்றுதான். அது ‘டேட்டா’வைத் திறந்து பார்க்கும் வேளையில் அங்கே நூல் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. முடிவில், ஒரே நூலுக்கு இரண்டு கோரிக்கைகள் சர்வருக்குப் போகின்றன. நெட்வொர்க் பலகையைத் திறந்து பார்த்தபோது ஒரே முகவரி அடுத்தடுத்து இரண்டு வரிகளில் இருந்ததைக் கண்டுதான் இதை உணர்ந்தேன். தீர்வு இரண்டு. நூலைக் கொண்டுவரும் சர்வீஸுக்குள்ளேயே விடையைத் தேக்கிவைத்து, இரண்டாவதாகக் கேட்பவருக்கும் அதே விடையைப் பகிர்வது ஒன்று. மேல் வழித்தடத்தின் ரிசால்வர்கள் முடிந்தபின்னரே கீழ் வழித்தடத்தினுடையவை தொடங்கும் என்பதால், தரவை மேல் வழித்தடத்திலும் தலைப்பைக் கிளையிலும் வைப்பது மற்றொன்று. இரண்டாவது வழி அழகாகத் தோன்றினாலும், தலைப்புக்காக வழித்தட அமைப்பையே வளைப்பது எனக்கு ஒப்பவில்லை; முதலாவதையே தேர்ந்தெடுத்தேன். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: ரிசால்வர்கள் இணையாக ஓடுவது வேகத்துக்காக எடுத்த முடிவு, அதில் தவறில்லை. தலைப்பை மட்டும் மற்றவை முடிந்தபின் கணக்கிடும்படி விதிவிலக்கு வைத்திருந்தால், இந்த வசதியின் பயன் இரட்டிப்பாகியிருக்கும் என்பதே என் ஆதங்கம்.

தேடல் பக்கத்தில் வேறொரு வகை ஏமாற்றம் காத்திருந்தது. ‘இலக்கணம் என்பதற்கான முடிவுகள்’ என்று தேடுசொல்லைத் தலைப்பில் காட்ட விரும்பினேன். தேடுசொல் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வினவல் அளபுருவாக இருந்தது. முதல் தேடலுக்குத் தலைப்பு சரியாக வந்தது. அதே பக்கத்தில் ‘அகராதி’ என்று மாற்றித் தேடினால் முடிவுகள் மாறின, தலைப்பில் இலக்கணமே நின்றது. பாதையோ பாதைக்குள் இருக்கும் அளபுருவோ மாறினால் மட்டுமே ரிசால்வர்களை மீண்டும் ஓட்டுவது ரூட்டரின் இயல்பு. வினவல் அளபுரு மாறினால் ஓட்டுவதில்லை. அந்த வழித்தடத்தில் ‘ரன் கார்ட்ஸ் அண்ட் ரிசால்வர்ஸ்’ என்ற பண்புக்கு, வினவல் அளபுருக்கள் மாறினாலும் ஓட்டு என்று பொருள்படும் மதிப்பைக் கொடுத்தபின் சரியாயிற்று. ஒரு வரித் திருத்தம்தான். தெரியாதவருக்கு அரை நாள் போய்விடும். அந்த மதிப்பைக் கொடுத்தால் அதே வழித்தடத்தின் மற்ற ரிசால்வர்களும், அனுமதியைச் சோதிக்கும் காவல் செயற்கூறுகளும் கூடவே ஓடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தலைப்பு எந்தக் கணத்தில் மாறுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ‘நேவிகேஷன் எண்ட்’ நிகழ்வை வெளியிட்டபின்னரே ரூட்டர் தலைப்பு உத்தியை அழைக்கிறது. பக்கப் பார்வைகளை எண்ணும் நிரல் அந்த நிகழ்வைக் கேட்டவுடன் ஆவணத்தின் தலைப்பைப் படித்தால், அதற்கு முந்தைய பக்கத்தின் தலைப்பே கிடைக்கும். எங்கள் அறிக்கையில் முகவரிகளும் தலைப்புகளும் ஒரு படி விலகி நின்றதற்குக் காரணம் இதுவே. அந்த இடத்தில் ஆவணத் தலைப்பைப் படிப்பதைவிட்டு, உத்தியின் ‘பில்ட் டைட்டில்’ செயற்கூறிடம் ரூட்டரின் நடப்பு நிலையைக் கொடுத்துத் தலைப்பைக் கேட்டுப் பெறுமாறு மாற்றினேன்.

கம்போனென்ட்டுக்குள்ளிருந்து தலைப்பை மாற்ற வேண்டிய தேவை இதனால் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. படிக்காத அறிவிப்புகளின் எண்ணிக்கையைத் தலைப்பின் முன்னால் காட்டுவதோ, பதிவேற்றம் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டுவதோ பக்கமாற்றத்தோடு தொடர்பில்லாதவை. ரிசால்வர் தரும் முதல் மதிப்பை மட்டுமே ரூட்டர் எடுத்துக்கொள்ளும் என்பதால், தொடர்ந்து மதிப்புகளை வெளியிடும் அப்சர்வபிளைக் கொடுத்தும் பயனில்லை. அங்கே பழைய ‘டைட்டில்’ சர்வீஸே துணை. 2023இல் வந்த 16ஆம் பதிப்பு முதல் சிக்னல்கள் (மாறும்போது தாமே அறிவிக்கும் மதிப்புகள்) இருப்பதால், எண்ணிக்கையை ஒரு சிக்னலாக வைத்து, அது மாறும்போதெல்லாம் தலைப்பை எழுதும் ஓர் எஃபெக்ட்டை அமைத்தால் போதும். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: தலைப்பு கொண்ட வழித்தடத்தில், கம்போனென்ட்டின் கன்ஸ்ட்ரக்டரில் எழுதிய தலைப்பை அடுத்த நொடியே ரூட்டரின் உத்தி அழித்து எழுதிவிடும். மொழிமாற்றமும் இதே இனம். பக்கத்தை மாற்றாமல் மொழியை மட்டும் பயனர் மாற்றினால் உத்தி தானாக ஓடாது. எனவே வழித்தடத்தில் மொழிபெயர்ப்புத் திறவுச்சொல்லை மட்டும் வைத்து, உத்திக்குள் அதை மொழிபெயர்த்து, மொழி மாறும்போது ‘அப்டேட் டைட்டில்’ செயற்கூறை நாமே ஒருமுறை அழைக்கிறோம்.

சர்வரில் பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. உலாவியின் ஆவணப் பொருளை நேரடியாகத் தொடாமல் சர்வீஸ் வழியே செல்வதால், அனுப்பப்படும் எச்டிஎம்எல்லிலேயே சரியான தலைப்பு இருக்கிறது. தலைப்பு வெறும் உரையாகவே எழுதப்படுவதால், நூற்பெயரில் கோணக்குறிகள் இருந்தாலும் ஆபத்தில்லை. மாறாக, பழைய தரவுத்தளத்திலிருந்து ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்டு வரும் உம்மைக்குறி (&), தாவலில் அதன் ஐந்தெழுத்துக் குறியாக்கத்தோடு அப்படியே தெரிந்து மானத்தை வாங்கும்.

அணுகுதன்மையைப் பொறுத்தவரை இந்த வசதி பாதி தூரம்தான் வருகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் பொருளைச் சொல்லும் தலைப்பு இருக்க வேண்டும் என்பது வலை உள்ளடக்க அணுகுதன்மை நெறிமுறைகளின் 2.4.2ஆம் விதி, மிக அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே அது இடம்பெறுகிறது. வழக்கமான வலைத்தளத்தில் புதிய பக்கம் திறந்ததும் திரைவாசிப்பான் அந்தத் தலைப்பைத்தான் முதலில் வாசிக்கும். ஒற்றைப் பக்கச் செயலியில் தலைப்பு மாறினாலும் ஆவணம் அதேதான் என்பதால், திரைவாசிப்பான் பொதுவாக எதையும் சொல்வதில்லை. நெக்ஸ்ட்ஜேஎஸ் சட்டகம் பக்கம் மாறும்போது புதிய தலைப்பைத் திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் பகுதியைத் தன்னகத்தே வைத்திருக்கிறது. ஆங்குலர் ரூட்டரில் அது இல்லை. நமது சொந்த உத்திக்குள், தலைப்பை எழுதிய கையோடு ஆங்குலரின் துணைக் கருவித் தொகுப்பான சிடிகேயின் ‘லைவ் அனவுன்சர்’ சர்வீஸிடம் அதே சரத்தைக் கொடுத்து இந்தக் குறையைத் தீர்க்கலாம். தீர்க்கிறோம்.

நெக்ஸ்ட்ஜேஎஸ் பெயர் வந்துவிட்டதால் ஓர் ஒப்பீடு. அதில் தலைப்புக்கு வார்ப்பு (செயலியின் பெயரைச் சேர்க்கும் அச்சு), இயல்பு மதிப்பு, வார்ப்பை மீறும் முழுத் தலைப்பு என்று மூன்றையும் தனித்தனிப் பண்புகளாகவே எழுதலாம். வார்ப்பை எழுதினால் இயல்பு மதிப்பும் எழுதியாக வேண்டும் என்பதால் தலைப்பில்லாத பக்கம் அங்கே தப்பிப்பது அரிது. ஜாங்கோ என்ற சட்டகத்தில் அடிப்படை வார்ப்புருவின் தலைப்புத் தொகுதிக்குள் ஒரு பெயரை எழுதிவைத்தால், அதை மீறாத பக்கங்கள் அனைத்தும் அந்தப் பெயரைப் பெறும். வ்யூ சட்டகத்தின் ரூட்டரிலோ இன்னும் நாமே ‘மெட்டா’வில் தலைப்பை வைத்து, பக்கமாற்றத்துக்குப் பின் ஓடும் செயற்கூறில் எடுத்து எழுத வேண்டும். ஆங்குலர் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது: இறங்கித் தேடும் வேலையைச் செய்துதருகிறது, இயல்பு மதிப்பையும் வார்ப்பையும் நம்மிடம் விட்டுவிடுகிறது.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் நான் இதை விட்டுவிடவில்லை. புதிய ஆங்குலர் திட்டம் எதிலும் இதையே முதலில் அமைப்பேன். ‘ஆக்டிவேட்டட் ரூட்’ பொருளிலும் இப்போது தலைப்பு ஓர் அப்சர்வபிளாகக் கிடைப்பதால், பக்கத்தின் மேலுள்ள பெரிய தலைப்பையும் அதே மூலத்திலிருந்து எடுக்கிறோம். தாவலில் ஒன்றும் பக்கத்தில் வேறொன்றும் இருப்பது நின்றது. தலைப்பு எழுத மறந்த வழித்தடங்களைப் பிடிக்க, ரூட்டரின் வரையறைப் பட்டியல் முழுவதும் நடந்து, திசைதிருப்பும் வழித்தடங்களை விட்டுவிட்டு, தலைப்பில்லாதவற்றைச் சொல்லும் ஒரு சோதனையையும் எழுதினேன். சோம்பலாக, அதாவது தேவைப்படும்போது மட்டும், ஏற்றப்படும் கிளைகள் ஏற்றப்படும் வரை அந்தப் பட்டியலில் தெரியாது என்பதால், அவற்றின் கோப்புகளைச் சோதனைக்குள் தனியே இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. முதல் ஓட்டத்தில் ஏழு வழித்தடங்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று, ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று சொல்லும் பக்கம். சொந்த உத்தியை எழுதும் வரை அது, பயனர் கடைசியாகப் பார்த்த நூலின் பெயரைத் தாவலில் தாங்கிக்கொண்டிருந்தது.